ஸ்கிரைபஸா, இன்டிசைனா? தமிழ்ப் புத்தகம் வடிவமைக்க எது போதும்

‘கொக்கு’ என்று தட்டச்சு செய்யுங்கள். கணினி அதை ஆறு குறிகளாகச் சேமித்து வைக்கிறது: க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி. தாளில் வரும்போது வரிசை இதுவல்ல. ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். புள்ளி அடுத்த ககரத்தின் தலையில் ஏற வேண்டும். கடைசி ககரமும் உகரமும் சேர்ந்து ‘கு’ என்ற ஒரே வடிவமாக மாற வேண்டும். இந்த வேலையை மென்பொருள் செய்யாவிட்டால் கொம்பு தனியாக, பக்கத்தில் ஒரு புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். ஸ்கிரைபஸ், இன்டிசைன் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைத் தமிழுக்காகத் தேடுகிறவர், விலையைக் கேட்பதற்கு முன்னால் இந்த ஒரு சொல்லை அதில் அடித்துப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. வேர்டு, லிப்ரே ஆபிஸ் ரைட்டர் எல்லாம் இருக்கும்போது தனியாக ஒரு டிடிபி (டெஸ்க்டாப் பப்ளிஷிங், அதாவது பக்க வடிவமைப்பு) மென்பொருள் எதற்கு? வேர்டில் எழுத்து ஓடுகிறது, படம் அதன் பின்னாலேயே இழுபடுகிறது. இரண்டு வரி சேர்த்தால் எட்டாம் பக்கத்துப் படம் ஒன்பதாம் பக்கத்துக்குத் தாவிவிடும். டிடிபி மென்பொருளில் பக்கம் என்பது ஒரு பலகை. அதில் சட்டங்களை வைக்கிறோம். ஒரு சட்டத்துக்குள் எழுத்து, இன்னொன்றுக்குள் படம். சட்டம் வைத்த இடத்தில் நிற்கும், அதற்குள் எழுத்து மட்டும் ஓடும். ஒரு சட்டம் நிரம்பினால் மீதி எழுத்து, அத்துடன் இணைத்த அடுத்த சட்டத்துக்குப் போகும். இதோடு அச்சகத்துக்கு வேண்டிய மற்ற விஷயங்களும் உண்டு: நான்கு மை நிறங்கள், படமும் நிறமும் வெட்டுக் கோட்டுக்கு வெளியே நீளும் பகுதியான பிளீடு, வெட்டுக் குறிகள்.

படமே இல்லாத நாவல் என்றால் ரைட்டரிலேயே முடித்துவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மலர், இதழ், பாடநூல், படம் நிறைந்த நூல் என்று வரும்போதுதான் டிடிபி தேவைப்படுகிறது.

பேஜ்மேக்கர் விட்டுச்சென்ற மிச்சம்

டிடிபி என்ற சொல்லே 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட பேஜ்மேக்கரோடு புழக்கத்துக்கு வந்தது. 1994இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 1999இல் அடோபியின் இன்டிசைன் வந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதோடு அதன் கதை முடிந்தது. ஆனால் நம்மூர் டிடிபி சென்டர்களில் அது அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது.

பேஜ்மேக்கருக்கு யுனிகோடும் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறிமுறை) தெரியாது, தமிழும் தெரியாது. ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துருக்களைக் கொண்டு அதை ஏமாற்றினோம். தமிழ்நாட்டில் டாம், டாப் குறிமுறைகளும் இலங்கையில் பாமினியும் இப்படி வந்தவை. ‘கொ’ வேண்டுமென்றால் கொம்பை முதலில் அடித்து, பிறகு ககரம், பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அடித்தார்கள். மென்பொருளைப் பொறுத்தவரை அது ஏதோ ஒரு புரியாத ஆங்கிலச் சொல். அச்சுக்கு அது போதும். அதே புத்தகத்தை மின்னூலாக்கவோ, இணையத்தில் போடவோ, ஒரு சொல்லைத் தேடவோ போனால்தான் உள்ளே இருப்பது தமிழே இல்லை என்பது தெரியவரும்.

ஆகவே இன்று புதிதாகத் தொடங்குகிறவர் யுனிகோடில்தான் தொடங்க வேண்டும். இதில் பேரம் கிடையாது.

இலவசம் வேறு, திறமூலம் வேறு

ஸ்கிரைபஸ் ஒரு திறமூல மென்பொருள். குனு பொது உரிமத்தில் வெளியாகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் மூலநிரலை யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம். இதையும் ‘காசில்லாமல் கிடைக்கிறது’ என்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கம். 2019இல் விலைக்கு வந்த அஃபினிட்டி பப்ளிஷரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்கிய செரிஃப் நிறுவனத்தை 2024இல் கேன்வா வாங்கியது. 2025 அக்டோபரில் அஃபினிட்டியை இலவசமாக்கியது. இலவசம்தான், ஆனால் திறமூலம் அல்ல. நாளைக்குக் கேன்வா மனம் மாறினால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. மைக்ரோசாஃப்ட் பப்ளிஷரை நம்பியிருந்தவர்களுக்கும் இதே நிலைமைதான்: 2026 அக்டோபரோடு அதற்கான ஆதரவை நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்துவிட்டது.

திறமூலம் என்பதால் என்ன லாபம் என்பதற்கு ஸ்கிரைபஸின் சொந்த வரலாறே நல்ல சான்று. 1.4 வரிசைப் பதிப்புகளில் தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் கண்டபடி விழும். தமிழுக்கு அது லாயக்கில்லை என்று அப்போது சொன்னவர்கள் சொன்னது சரி. ஓமன் நாட்டிலிருந்த ஹோஸ்ட் என்ற திறமூலக் குழு அரபு எழுத்துக்காக அதன் எழுத்துக் கோக்கும் எந்திரத்தைத் திருத்தும் வேலையில் இறங்கியது. அந்த உழைப்பின் பலனாக ஹார்ஃபபஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நிரல் ஸ்கிரைபஸுக்குள் வந்தது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆபிஸ் எல்லாவற்றிலும் தமிழை ஒழுங்காகக் காட்டுவது அதே ஹார்ஃபபஸ்தான். 2017இல் வந்த 1.5.3 பதிப்பில் இது சேர்ந்தது. அரபுக்காக வெட்டிய வாய்க்காலில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் தண்ணீர் வந்தது.

மலையாளத்தில் அதை உடனே பயன்படுத்திக்கொண்டார்கள். கேரளத்தின் ‘ஜனயுகம்’ நாளிதழ் 2019இல் பேஜ்மேக்கரையும் பழைய குறிமுறை எழுத்துருக்களையும் விட்டுவிட்டு ஸ்கிரைபஸ், படங்களுக்கு கிம்ப், இங்க்ஸ்கேப், கணினிக்கு லினக்ஸ் என்று முழுமையாகக் கட்டற்ற (திறமூல) மென்பொருளுக்கு மாறியது. தினமும் மணிக்கணக்கு பார்த்து அச்சுக்குப் போகிற நாளிதழ் ஒன்று அதில் ஓட முடியும் என்றால், மாத இதழுக்கு அது தாங்குமா என்ற கேள்விக்கு வேறு பதில் தேவையில்லை.

வளர்ச்சிப் பதிப்பாகவே பல ஆண்டுகள் இழுபட்ட 1.5 வரிசை, 2024 ஜனவரி 1 அன்று 1.6.0 என்ற நிலையான பதிப்பாக வெளிவந்தது. தமிழுக்கு அதையோ அதற்குப் பிந்தையதையோ மட்டும் போடுங்கள். பழைய கணினிகளில் 1.4 ஒட்டிக்கொண்டிருக்கும், ‘தமிழ் உடைகிறதே’ என்ற புலம்பல்களில் பாதி அங்கிருந்து வருவதுதான்.

இன்டிசைனுக்குக் கொடுக்கும் காசு எதற்கு?

இன்டிசைனும் தமிழை நன்றாகக் கோக்கும், ஆனால் கேட்டால்தான். புதிதாக நிறுவிய இன்டிசைனில் யுனிகோடு தமிழை ஒட்டினால் அதே புள்ளிவட்டம் வந்து நிற்கும். காரணம், பத்தி கோக்கும் எந்திரமாக இயல்பாக அமைந்திருப்பது ஐரோப்பிய மொழிகளுக்கானது. பாராகிராஃப் பேனலின் ஓரத்து மெனுவைத் திறந்து ‘அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் இடத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு பத்திக்கும் இப்படிச் செய்துகொண்டிருக்காமல், அடிப்படைப் பத்தி ஸ்டைலின் (எழுத்துரு, அளவு, இடைவெளி எல்லாவற்றையும் ஒரு பெயரில் சேர்த்து வைக்கும் அமைப்பு) ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் ஒருமுறை அமைத்துவிடுவதுதான் சரி. எந்தக் கோப்பும் திறக்காத நிலையில் அமைத்தால் இனி உருவாக்கும் கோப்புகளுக்கெல்லாம் அது செல்லும்.

இது கைவந்தபின் இன்டிசைனின் பலம் தெரியும். ஸ்கிரைபஸ் ஒரு வரியைக் கோத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறது. இன்டிசைன் முழுப் பத்தியையும் ஒருசேரப் பார்த்து, மூன்றாம் வரியில் இடைவெளி குறைய முதல் வரியில் ஒரு சொல்லைத் தள்ளலாமா என்று கணக்குப் போடுகிறது. தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் இந்த வித்தியாசம் கண்ணில் படும். எழுத்து நிரம்பி வழிந்தால் பக்கங்களைத் தானே சேர்த்துக்கொள்ளும். இயல் இயலாகப் பல கோப்புகளை ஒரே புத்தகமாகக் கட்டி, பக்க எண்ணைத் தொடர்ச்சியாகப் போடும். பொருளடக்கத்தை ஸ்டைலிலிருந்து உருவாக்கும், சொல்லடைவும் உண்டு. ‘அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்களையெல்லாம் சிறிதாக்கு’ போன்ற கட்டளைகளை ஸ்டைலுக்குள்ளேயே எழுதி வைக்கலாம்.

ஸ்கிரைபஸில் சொல்லடைவு கிடையாது, புத்தகமாகக் கட்டும் வசதியும் கிடையாது. பொருளடக்கம் உண்டு, ஆனால் அதைப் படிய வைப்பதற்குள் கையாலேயே அடித்து முடித்துவிடலாம். அடிக்குறிப்பு உண்டு; பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு வருகிற ஆய்வு நூலை அதன் தலையில் கட்டாதீர்கள். அப்படிப்பட்ட நூலுக்குக் கட்டற்ற மென்பொருளிலேயே இருக்க விரும்பினால் ரைட்டரோ, கொஞ்சம் நிரல் எழுதத் தயங்காதவருக்கு லாடெக்கோ பொருத்தம். அதன் வகைகளான ஸீலாடெக், லுவாலாடெக் இரண்டும் யுனிகோடு தமிழை ஒழுங்காகக் கோக்கும்.

இன்டிசைனின் மறுபக்கம் சந்தா. 2013 முதல் அடோபி புதிய பதிப்புகளை மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா முறைக்கு மாற்றிவிட்டது. கட்டுவது நின்றால் மென்பொருளும் நிற்கும். மூன்றாண்டுக்கு முன் செய்த புத்தகத்தின் மறுபதிப்புக்கு ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தக்கூட மறுபடி சந்தா கட்ட வேண்டும். ஸ்கிரைபஸின் எஸ்எல்ஏ கோப்போ வெறும் எக்ஸ்எம்எல் உரை. நோட்பேடில் திறந்தாலும் உள்ளே இருக்கும் தமிழைப் படிக்கலாம்.

கோரல்டிராவையும் இந்த வரிசையில் கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், நோட்டீஸ், அட்டைப்படம் என்றால் கோரல். அதற்கு நேரான திறமூல மென்பொருள் இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் அல்ல. நூறு பக்கப் புத்தகத்தைக் கோரலில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்ய முடியும் என்பதாலேயே செய்ய வேண்டும் என்றில்லை. அஃபினிட்டி பப்ளிஷர் கருவி அளவில் அருமையானது, ஆனால் அதன் இரண்டாம் பதிப்பு வரைக்கும் இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. இப்போதைய பதிப்பைப் பார்க்கிறவர்கள் ‘கொக்கு’ சோதனையை வைத்துவிட்டு முடிவு செய்யட்டும்.

ஸ்கிரைபஸில் ஒரு புத்தகம்

ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். பக்க அளவு 140 × 215 மி.மீ.; டெமி அளவு என்று அச்சகத்தில் சொல்வது ஏறக்குறைய இதுதான், வெட்டியபின் நிற்கும் துல்லியமான அளவை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். 16 பக்கம் ஒரு ஃபாரம். 8 ஃபாரம், ஆக 128 பக்கம். ஃபாரம் கணக்கில் முடியாத புத்தகத்தில் கடைசியில் வெற்றுப் பக்கங்களுக்கும் காசு போகும்.

புதிய கோப்பு சாளரத்தில் அளவையை முதலில் மில்லிமீட்டருக்கு மாற்றுங்கள். அது இயல்பாகப் புள்ளி அளவில் திறக்கும், அதைக் கவனிக்காமல் 140 என்று போட்டால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பக்கம் கிடைக்கும். பக்க அமைப்பில் ‘டபிள் சைடட்’, முதல் பக்கம் வலப்பக்கம். ஓரங்கள்: உள்பக்கம் 18, வெளிப்பக்கம் 15, மேலே 18, கீழே 20. பிளீடு நான்கு புறமும் 3 மி.மீ. ‘ஆட்டோமேட்டிக் டெக்ஸ்ட் ஃபிரேம்ஸ்’ என்பதை டிக் செய்தால் ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்துச் சட்டம் தானே வந்து, ஒன்றோடொன்று இணைந்திருக்கும்.

அடுத்தது எழுத்துரு. நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, ஹிந்த் மதுரை போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து நோட்டோவை இறக்கினால் தொகுப்பில் ‘வேரியபிள்’ என்ற பெயரோடு வரும் கோப்பும், ‘ஸ்டாட்டிக்’ என்ற உறையில் (ஃபோல்டர்) பல கோப்புகளும் இருக்கும். ஸ்டாட்டிக் உறையில் இருப்பவற்றை மட்டும் நிறுவுங்கள்; வேரியபிள் கோப்பை வைத்துக்கொண்டு ஸ்கிரைபஸ் 1.6இல் தடித்த எழுத்தைத் தேடினால் கிடைக்காது. இன்னொன்று: வேர்டில் இருப்பதுபோல ‘பி’, ‘ஐ’ பொத்தான்கள் இங்கே கிடையாது. எழுத்தைச் செயற்கையாகத் தடிமனாக்க ஸ்கிரைபஸ் மறுக்கிறது. எழுத்துருக் குடும்பத்தில் உண்மையிலேயே ஒரு போல்டு இருந்தால்தான் போல்டு. தொடக்கத்தில் எரிச்சலாக இருக்கும். அச்சில் மசியாத எழுத்தைப் பார்த்தபின் அந்தப் பிடிவாதம் நியாயம் என்று தோன்றும்.

எடிட் மெனுவில் ஸ்டைல்ஸ். ‘உடல்’ என்று ஒரு பத்தி ஸ்டைல்: நோட்டோ செரிஃப் தமிழ், 10.5 புள்ளி, வரி இடைவெளி நிலையாக 15 புள்ளி. ஆங்கிலத்துக்குச் சொல்லும் 120 சதவீத வரி இடைவெளி தமிழுக்கு நெருக்கம். மேல்வரியின் ‘கு’, ‘ழு’, ‘ஞ’ கீழே இறங்கும். கீழ்வரியின் ‘கீ’, ‘ஷ்’ மேலே ஏறும். இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும். 140 சதவீதத்துக்குக் குறையாமல் வையுங்கள். பத்தித் தொடக்க உள்தள்ளல் 5 மி.மீ. தலைப்புக்கு ஒன்று, மேற்கோளுக்கு ஒன்று என்று மொத்தம் ஐந்தாறு ஸ்டைல் போதும்.

கதையை ரைட்டரில் ஓடிடி கோப்பாகச் சேமித்து, சட்டத்தின்மேல் வலது கிளிக் செய்து ‘கெட் டெக்ஸ்ட்’ வழியாகக் கொண்டுவாருங்கள். வேர்டின் டாக்ஸ் கோப்பையும் அது திறக்கும், ஓடிடியில் சேதாரம் குறைவு. ‘இம்போர்ட் டெக்ஸ்ட் ஒன்லி’ என்று டிக் செய்தால் வெறும் எழுத்து வரும், தடித்த சொற்கள் போய்விடும். டிக் செய்யாவிட்டால் பழைய கோப்பின் ஸ்டைல்களோடு அதன் நிறங்களும் வந்து சேரும். இங்கேதான் புதியவர்கள் கவனிக்காத ஒரு குழி இருக்கிறது.

வேர்டின் கறுப்பு ஒரு திரைக் கறுப்பு. சிவப்பு, பச்சை, நீலம் என்று அளக்கும் ஆர்ஜிபி கணக்கில் மூன்றும் பூஜ்யம். அதை அச்சு நிறத்துக்கு மாற்றும்போது நான்கு மையும் கலந்துவிடும். அமெரிக்க அச்சுத் தரமான ஸ்வாப்பில் மாற்றினால் சயான் 75, மெஜென்டா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று வரும். கூட்டினால் 300 சதவீத மை. 10 புள்ளி எழுத்தின்மேல், மைக்கு ஒன்றாக நான்கு பிளேட்டும் துல்லியமாக ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக நிழல் ஆடும். ஒரே வண்ணத்தில் அச்சாகும் புத்தகம் என்றால் அச்சகம் கோப்பையே திருப்பி அனுப்பும். எடிட் மெனுவின் நிறப் பட்டியலைத் திறந்து, கோப்போடு வந்த அந்நியக் கறுப்பை நீக்குங்கள். பதிலுக்கு எந்த நிறம் என்று ஸ்கிரைபஸ் கேட்கும். அதன் சொந்த ‘பிளாக்’கைக் காட்டுங்கள். அது சயான், மெஜென்டா, மஞ்சள் மூன்றும் பூஜ்யம், கறுப்பு மட்டும் 100. பட்டியலில் ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்றும் ஒரு கறுப்பு இருக்கும். அது வெட்டுக் குறிகளுக்கானது, நான்கு மையிலும் 100. எழுத்துக்கு அதைத் தொடவே கூடாது.

எழுத்து சட்டத்தில் நிரம்பி வழிந்தால் வலது கீழ் மூலையில் குறுக்குக்கோடு போட்ட ஒரு சிறு பெட்டி தெரியும். பக்கம் தானாகச் சேராது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். 128 பக்கத்தையும் ஒரே சங்கிலியாக இணைத்து ஓடவிட்டால் ஓர் எழுத்தை அழிக்கவே ஸ்கிரைபஸ் மூச்சு வாங்கும், ஏனெனில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சங்கிலி முழுவதையும் அது மறுபடி கோக்கிறது. ஒவ்வொரு கதையின் தொடக்கத்திலும் சங்கிலியை அறுத்துத் தனிச் சங்கிலியாக்குங்கள். வேகம் மட்டுமல்ல, மூன்றாம் கதையில் ஒரு பத்தி நீக்கினால் பத்தாம் கதை நகராது.

இனி வரி நிரப்பல். இருபுறமும் சமன்செய்த பத்தியில் ‘எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும்’ போன்ற ஒரு சொல் வந்தால், அது அடுத்த வரிக்குப் போய், விட்டுப்போன வரியில் சொற்களுக்கிடையே வெள்ளை இடைவெளி ஆறாக ஓடும். தமிழ் அச்சு மரபில் நாம் இணைப்புக்கோடு போடாமலேயே சொல்லை உடைப்போம். அதை ஸ்கிரைபஸ் தானாகச் செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். உடைக்க வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து, இன்சர்ட் மெனுவின் இடைவெளிப் பிரிவிலிருந்து அகலமில்லா இடைவெளியைச் செருகினால், தேவைப்படும்போது மட்டும் சொல் அங்கே கோடின்றி உடையும். ‘எதிர்பார்த்துக்’ என்பதற்குப் பின், ‘கொண்டிருந்தவர்’ என்பதற்குப் பின் என்று வைக்கலாம். புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரக்கூடாது: ‘வாழ்க்’ என்று ஒரு வரி முடிந்து ‘கை’ என்று தொடங்கலாம், ‘வாழ்’ என்று முடிந்து ‘க்கை’ என்று தொடங்குவது கண்ணைக் குத்தும். இதோடு பத்தி ஸ்டைலில் எழுத்து அகலத்தைக் குறைந்தது 98, அதிகம் 102 சதவீதம் என்று நெகிழ்த்தினால் பாதி ஆறுகள் வற்றிவிடும். 95க்குக் கீழே போனால் எழுத்து ஒடுங்கியது வாசகருக்குத் தெரிந்துவிடும். இரண்டு மூன்று நெடுவரிசையாகப் பிரித்த குறுகலான இதழ்ப் பக்கம் என்றால், சமன் செய்வதை விட்டு இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்துவதே அழகு.

படங்களில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி. 1200 புள்ளி அகலமுள்ள படம் 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. வரைக்கும்தான் தாங்கும். திரையில் படம் மங்கலாகத் தெரிந்தால் பதற வேண்டாம், ஸ்கிரைபஸ் வேகத்துக்காகக் குறைந்த தரத்தில் காட்டுகிறது. வலது கிளிக்கில் பிரிவியூ அமைப்பை முழுத் தரத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். படம் கோப்புக்குள் சேமிக்கப்படுவதில்லை, அதன் இருப்பிடம் மட்டுமே குறிக்கப்படுகிறது. படம் இருந்த உறையின் பெயரை மாற்றினால் சட்டம் காலியாகும்.

அட்டை தனிக் கோப்பு. முன்னட்டை 140, பின்னட்டை 140, நடுவில் முதுகு. 128 பக்கம் என்றால் 64 தாள். ஒரு தாளின் தடிமன் 0.1 மி.மீ. என்றால் முதுகு 6.4 மி.மீ. ஆக அகலம் 286.4 மி.மீ. தாளை முடிவு செய்யாமல் அட்டையை முடிக்க முடியாது என்பது இதிலிருந்தே தெரியும்.

பிடிஎஃப் எடுக்கும்போது

ஏற்றுமதி என்று சொன்னதும் ஸ்கிரைபஸ் முதலில் பக்கங்களைச் சரிபார்த்து, வழியும் எழுத்து, காணாமல்போன படம், தரம் குறைந்த படம் ஆகியவற்றைப் பட்டியலிடும். ‘பொருட்படுத்தாதே’ என்ற பொத்தானும் பக்கத்திலேயே இருக்கிறது. அதை அமுக்குவதற்கு முன் பட்டியலைப் படியுங்கள், புத்தகத்தின் கடைசி வரி காணாமல் போவது பெரும்பாலும் அந்தப் பொத்தானால்தான்.

அச்சகம் அச்சுக்கான பிடிஎஃப் தரங்களில் எக்ஸ்-1ஏ அல்லது எக்ஸ்-4 கேட்கும். ஏற்றுமதிச் சாளரத்தில் அந்தப் பெயர்களே தென்படவில்லையா? கோப்பின் அமைப்புகளில் வண்ண மேலாண்மை அணைந்து கிடக்கிறது. அதை இயக்கி, அச்சகம் தரும் வண்ணக் கோப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்தால் பெயர்கள் முளைக்கும். இப்போது எக்ஸ்-1ஏவைத் தேர்ந்தெடுத்தால் ‘சேவ்’ பொத்தான் மங்கிப்போகும். எதையோ உடைத்துவிட்டோம் என்று பலர் இங்கே மென்பொருளை மூடிவிடுவார்கள். பிரீ-பிரஸ் தத்தலில் (டேப்) ‘இன்ஃபோ ஸ்டிரிங்’ என்று ஒரு கட்டம் வெறுமையாக இருக்கும். அதில் புத்தகத்தின் பெயரையோ எதையோ நான்கு எழுத்து அடித்தால் போதும், பொத்தான் உயிர்பெறும். அதே தத்தலில் வெட்டுக் குறிகளையும், கோப்பின் பிளீடையும் இயக்குங்கள். எக்ஸ்-1ஏவில் ஒளிபுகும் நிழல்களுக்கு இடமில்லை. அட்டையில் அப்படி ஏதாவது இருந்தால் எக்ஸ்-4 கேளுங்கள். எழுத்துருக்களை உட்பொதிப்பது இயல்பாக நடக்கும். பழைய கருவி வைத்திருக்கும் அச்சகம் தமிழ் எழுத்துரு தகராறு செய்கிறது என்று சொன்னால், எழுத்துரு தத்தலில் எழுத்துகளை வெறும் கோட்டுருவமாக மாற்றும் வழியும் உண்டு. அந்தப் பிரதியில் சொல்லைத் தேட முடியாது, அதனால் அதை அச்சகத்துக்கு மட்டும் வையுங்கள்.

பழைய கோப்பிலிருந்து வருகிறவர்களுக்கு

பாமினியிலோ டாமிலோ அடித்த பழைய புத்தகத்தை யுனிகோடுக்கு மாற்ற மாற்றிகள் பல உண்டு. மாற்றியபின் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள்: ‘கௌரவம்’. பழைய குறிமுறையில் ஔகாரத்துக்குக் கொம்பு, ககரம், பிறகு ளகரம் என்று அடித்தார்கள். மாற்றி அந்த ளகரத்தை உண்மையான ளகரமாகவே எடுத்துக்கொண்டு ‘கெளரவம்’ என்று தந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடலில் ஒன்று அகப்படாது, சொல்லுடைப்பில் ‘கெ’ ஒரு வரியிலும் ‘ளரவம்’ அடுத்த வரியிலும் போய் விழும். ரகரத்துக்குப் பதில் கால் போட்டு அடித்த இடங்களும் இப்படியே. நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழென்று நினைத்துக் குதறி வைத்திருக்கும், அவற்றை மெய்ப்புப் பார்ப்பவர்தான் பிடிக்க வேண்டும்.

இன்டிசைன் கோப்பை ஸ்கிரைபஸால் நேரடியாகத் திறக்க முடியாது. அனுப்புகிறவர் ஐடிஎம்எல் ஆகச் சேமித்துத் தந்தால் திறக்கும். சட்டங்கள் இடத்தில் இருக்கும், வரி உடைவுகள் இருக்காது. ஆகவே அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு மறுபடி கோக்க வேண்டியதுதான். ஸ்கிரைபஸ் கோப்பை இன்டிசைனில் திறக்க வழியே இல்லை.

இந்தக் கடைசி விஷயம்தான் பலருடைய தேர்வை உண்மையில் தீர்மானிக்கிறது. சில அச்சகங்களில் ‘ஓப்பன் ஃபைல் கொடுங்க, நாங்களே பார்த்துக்கறோம்’ என்பார்கள். கடைசி நேரத்தில் பக்க எண்ணை நகர்த்த, விலையை மாற்ற, அவர்கள் மேசையிலேயே திருத்துவதற்காகத்தான் அது. அங்கே இருப்பது இன்டிசைனும் கோரலும். உங்கள் எஸ்எல்ஏ கோப்பு அவர்களுக்குப் பயன்படாது. பிடிஎஃப் வாங்கி அப்படியே பிளேட் போடும் அச்சகம் என்றால், அது எந்த மென்பொருளில் பிறந்தது என்று அவர்கள் கேட்கக்கூடத் தேவையிராது. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஒரு தொலைபேசி அழைப்பில் இதைக் கேட்டுவிடுங்கள். கூடவே நான்கு பக்கம் மட்டும் வைத்து ஒரு சோதனை பிடிஎஃப் அனுப்பி, அவர்கள் கணினியில் தமிழ் சரியாகத் தெரிகிறதா, கறுப்பு ஒரே பிளேட்டில் விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

புத்தகம் அச்சுக்குப் போனபின் ஃபைல் மெனுவில் ‘கலெக்ட் ஃபார் அவுட்புட்’ என்பதை ஓட்டினால் கோப்பு, படங்கள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் ஓர் உறையில் சேர்த்துத் தரும். எழுத்துருக்களைச் சேர்க்கும் கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள். அந்த உறையின் பெயரில் எந்தப் பதிப்பு ஸ்கிரைபஸ் என்பதையும் எழுதி வையுங்கள்: 1.6இல் சேமித்ததை 1.4 திறக்காது, 1.4இல் செய்ததை 1.6 திறக்கும், ஆனால் எழுத்துக் கோக்கும் எந்திரம் மாறிவிட்டதால் வரிகள் இடம் மாறியிருக்கும்.